யாருடைய வேகத்தில் கிளம்புவது?

வெளியூர் போகலாம் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "எங்கே?" என்றுதான். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். கூட வருகிறவர்களில் யாருக்கு நடை மெதுவு, யாருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, யார் ராத்திரி வேலை முடித்துவிட்டு நேராக வந்து சேர்ந்துகொள்ளப் போகிறார் என்பதைத்தான் முதலில் பேசுவோம். அவர்களில் யாருக்கு அதிகச் சிரமமோ, அவருடைய வேகம்தான் அந்தப் பயணத்தின் வேகம். இடம், வண்டி, தங்கும் விடுதி, புறப்படும் நேரம் எல்லாம் அதற்கப்புறம்.

"அப்படிப் போனால் பாதிதானே பார்க்க முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், பாதிதான் பார்ப்போம். அந்தப் பாதியை எல்லோரும் சேர்ந்து பார்த்திருப்போம். வீடு திரும்பிய பிறகு யாரும் இரண்டு நாள் படுத்துக் கிடக்க மாட்டார்கள். பல வருடங்களாக இப்படித்தான் போய் வருகிறோம். இனிமேலும் வேறு மாதிரி போக எனக்கு மனசு வராது.

எங்கள் கூட்டத்தில் அம்மா, கணவர், மகள், நான். கூடவே என் தோழி, அவள் கணவர், அவர்களுடைய இரண்டு பையன்கள். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மாசக் கடைசி நெருங்கினால் நகர முடியாது. தோழி மருத்துவமனையில் செவிலியர். அவளுக்கு இரவு ஷிப்ட் மாறி மாறி வரும். ஆக, நாள் குறிப்பதே ஒரு தனி வேலை.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படி ஏறுவதை விட இறங்குவதுதான் பாடு. உடம்பின் பாரம் முழுக்க மடங்கிய முழங்காலில் விழுவது இறங்கும்போதுதான். மூட்டுவலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் பலரும் "ஏறுவதற்கு எத்தனை படி?" என்று மட்டும் விசாரிப்பார்கள். இறங்குவதற்கு வேறு வழி இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, நடுவில் உட்கார இடம் இருக்கிறதா என்று நான் விசாரிப்பேன். உடற்பயிற்சி சிகிச்சையாளர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்கள் எங்கே போனாலும் கைகொடுக்கின்றன. ஊன்றுகோலை வலி அதிகமாக உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். இரண்டாவது, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கோலின் உயரமும் முக்கியம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்குச் சரியாகக் கோலின் பிடி வர வேண்டும்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? அந்த வாக்கியத்தை நாம் கவனமாகக் கேட்க வேண்டும். சில நேரம் அவர்களுக்கு உண்மையாகவே உட்காரத்தான் பிடிக்கும். பல நேரம், நம்மால் பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு என்ற நினைப்பில் வருவது அது. ஒரு மலைப்பாதையில் பாதி வழியில் அம்மா அப்படிச் சொன்னபோது தோழியின் கணவர் பையன்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். நாங்கள் மற்றவர்கள் அம்மாவோடு அந்தக் கல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டோம். மகள் தரையில் குந்தி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டான்பூச்சியின் ஒற்றை இறக்கையை ஏழெட்டு எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. காற்று அடிக்கிறபோதெல்லாம் இறக்கை நிமிர்ந்துகொள்ளும், எறும்புகள் அப்படியே நிற்கும், காற்று ஓய்ந்ததும் மறுபடி இழுக்கும். "பாட்டி, அதுங்களுக்குக் காத்து நிக்கப்போறது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அம்மா ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மேலே போனவர்கள் திரும்பி வரும்வரை இருவரும் அந்த எறும்புகளோடுதான் இருந்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி மகள் பள்ளியில் எழுதிய கட்டுரையில் மலை ஒரே வரி. மீதி முழுக்க இறக்கையும் பாட்டியும்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம் என்று வைத்துக்கொள்கிறோம். அதையும் காலையிலேயே முடித்துவிடுவோம். மத்தியானம் எல்லோருக்கும் படுக்கை உண்டு. சாயங்காலம் யாருக்கு எது தோன்றுகிறதோ அது. அம்மாவின் மாத்திரைகள் எப்போதும் கைப்பையில், அதனதன் அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு இருக்கும். பெரிய பெட்டி எங்கேயாவது தங்கிப் போனாலும் மாத்திரை கூடவே வரும். பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்கு அதிகமாகவே எடுத்து வைப்போம்.

மகளுக்குப் பிரச்சினை வேறு. வளைந்து வளைந்து போகிற பாதையில் காரில் போனால் வாந்தி. பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளைத்தான் இது அதிகம் படுத்துகிறது. கைக்குழந்தைகளுக்கு வருவது அபூர்வம். காரணம் காதுக்குள் இருக்கிறது. உடம்பு நகர்கிறது, திரும்புகிறது என்று உள்காது மூளைக்குச் சொல்லும். கண்ணோ கையில் இருக்கும் புத்தகத்தையோ முன்சீட்டின் முதுகையோ பார்த்துவிட்டு "எதுவும் நகரவில்லை" என்று சொல்லும். இரண்டு சேதியும் ஒத்துப் போகாததால் குமட்டல். வண்டி ஓட்டுகிறவருக்கு இது ஏன் வருவதில்லை என்று கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எங்கே என்று அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. கண்ணும் சாலையிலேயே இருக்கிறது.

இது புரிந்த பிறகு வழியும் கிடைத்தது. சின்னப் பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைக்கக் கூடாது. மோதலில் காற்றுப்பை (ஏர்பேக்) விரிந்தால் அந்த அடியே ஆபத்து. அதனால் மகளுக்குப் பின்சீட்டின் நடு இடம். அவளுக்கான இருக்கை, பெல்ட் எல்லாம் போட்டு, முன்கண்ணாடி வழியாகச் சாலை நேராகத் தெரிகிற மாதிரி. கையில் போன் கிடையாது, படப் புத்தகம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு: தூரத்தில் பாலம் தெரிந்தால் முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி, மஞ்சள் வண்டி தெரிந்தால் இரண்டு. கண் தானாகவே தூரத்தில் நிற்கும். கிளம்பும் முன் லேசான சாப்பாடு. ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கும். பேருந்தில் போனால் முன்பக்கம், கப்பலில் நடுப்பகுதி, விமானத்தில் இறக்கைக்கு அருகே இடம் பிடிப்பது நல்லது, ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் வயிற்றில் தங்குவதே சந்தேகம். பல மாத்திரைகள் தூக்கத்தையும் வரவழைக்கும்.

இனி தோழி. நன்றாக வண்டி ஓட்டுவாள், ஓட்டுவதில் ஆசையும் அதிகம். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் சாவியை நாங்கள் கொடுப்பதில்லை. "ஒரு காபி குடிச்சா சரியாயிடும்டி" என்பாள். அதற்கெல்லாம் நான் மசிவதில்லை. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகச் சொல்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். இதை முதன்முதலில் எனக்குச் சொன்னதே தோழிதான். தூக்கக் கலக்கத்தில் ஓட்டி அடிபட்டு வருகிறவர்களை அவசரப் பிரிவில் பார்க்கிறவள் அவள். அதனால் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு விதி வைத்திருக்கிறோம். முந்தின இரவு சரியாகத் தூங்காதவர் பின்சீட்டில்தான். யார் ஓட்டினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிற்கும், கால் மணி நேரம் எல்லோரும் இறங்கி நடப்போம். அம்மாவின் முழங்காலுக்கும் மகளின் வயிற்றுக்கும் அதுவே மருந்து.

நீண்ட பயணத்தில் கால் அசைப்பது எல்லோருக்கும் தேவை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானம்தான் என்றில்லை, பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மொத்தத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவுதான், பயப்பட வேண்டியதில்லை. கணுக்காலைச் சுழற்றுங்கள், எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஏற்கெனவே அந்தத் தொல்லை இருந்தவர்களும் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது அவசியம். விமானம் கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடுவோம். விழுங்கும்போதுதான் காதின் அடைப்பு விடும். தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு.

முதல் இரவைப் பற்றி ஒரு வார்த்தை. புது இடத்தில் முதல் நாள் தூக்கம் வராமல் புரள்வது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, புது இடத்தின் முதல் இரவில் மூளையின் இடது பாதி முழுசாக ஆழ்ந்து உறங்குவதில்லை என்று காட்டியது. ஒரு பாதி காவலுக்கு விழித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே போய்ச் சேர்ந்த மறுநாள் அதிகாலையில் சூரிய உதயம் பார்க்கப் போவது, நீண்ட நடை போவது எதுவும் எங்கள் திட்டத்தில் இருக்காது. அது மூன்றாம் நாளுக்கு. அம்மா தன் தலையணை உறையை வீட்டிலிருந்தே எடுத்து வருவார். பழகின வாசனை இருந்தால் தூக்கம் வருகிறது என்பார். மகளும் இப்போது அதையே கேட்கிறாள்.

பணம். நண்பர்களோடு போகும்போது மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதில்தான், அதுவும் சின்னத் தொகையில்தான். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு மேசையிலும் பேசத் தொடங்கினால் நிம்மதி போய்விடும். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே ஒரு பொதுப் பை வைக்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று இரண்டு குடும்பமும் போடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. வண்டி, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. அவரவர் வாங்கும் பொருட்களுக்கு அவரவர் காசு. தங்கும் விடுதி அறைக் கணக்கில் தனியாக. பை குறைந்தால் மறுபடி எல்லோரும் சமமாகப் போட வேண்டும். கணக்கு எழுதும் வேலை என்னுடையது. ஒவ்வொரு இரவும் ஐந்து நிமிடம், சின்ன நோட்டில் நான்கு வரி. மறுநாளுக்கு என்று தள்ளிப் போட்டால் மறந்துவிடும். அன்றைக்கு அன்றே எழுதியதை எல்லோரும் பார்க்கலாம். இந்த ஒரு ஏற்பாட்டால் எங்கள் நட்பு எவ்வளவோ லேசாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் பணத்தை விட நுட்பமான விஷயம், யாரால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பது. அதையும் முன்கூட்டியே, வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். யாருக்குக் கை இறுக்கமோ அவருக்கு வசதியான விடுதியைத்தான் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். இங்கேயும் அதே வேகக் கணக்குதான்.

இன்னொன்று, சேர்ந்து போனாலும் நாள் முழுக்க எல்லோரும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தினம் ஓரிரண்டு மணி நேரம் தனியாக வேண்டும். தோழியின் பெரிய பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் அவனாகவே இறங்கி வந்து சீட்டுக்கட்டை எடுப்பான்.

இப்போது அலுவலகம். விடுப்பு கேட்பதையே ஏதோ உதவி கேட்பது போலக் கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1936இலேயே சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஓராண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் என்றது அது. 1970இல் வந்த புதிய உடன்படிக்கை அதை 3 வாரமாக்கியது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலும், ஓய்வும் உழைப்பவரின் உரிமைதான் என்று உலகம் ஒப்புக்கொண்டு இத்தனை காலமாகிறது. ஆகவே கூச்சம் வேண்டாம். ஆனால் நாம் இல்லாத நாட்களில் கூட வேலை செய்பவர் திண்டாடக் கூடாது. அது நம் பொறுப்பு.

நான் செய்வது இதுதான். விடுப்பு மாதத்தின் இரண்டாம் வாரத்தில். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாள் எழுதுவேன்: எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே, எதை நான் வரும்வரை அப்படியே விட்டுவிடலாம். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். என் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எல்லாமே அவசரமாகத் தெரியும். எது காத்திருக்கும் என்று எழுதிவிட்டால் அவருக்குப் பாதி பாரம் குறையும். கடைசி நாளில் அவரோடு உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துக் காட்டுவேன். உயிர்போகிற அவசரம் என்றால் மட்டும் போன் செய்யச் சொல்வேன். இதுவரை யாரும் செய்ததில்லை. அவர் விடுப்பில் போகும்போது எனக்கும் அதே மாதிரி தாள் தருகிறார்.

இவ்வளவு நிதானம் தேவையா என்று கேட்டால், தேவை என்பேன். நெதர்லாந்தில் 1500க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பலரிடமும் சொல்வதுண்டு. சுற்றுலா போகிறவர்கள், போகாதவர்களை விடச் சந்தோஷமாக இருந்தது பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தின நாட்களில்தான். திரும்பி வந்த பிறகு இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரே விதிவிலக்கு, மிகவும் நிம்மதியாக, ஓய்வாகப் போய்வந்தவர்கள். அவர்களுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் வீடு வந்த பிறகும் சில காலம் நின்றது. ஓடி ஓடிப் பார்த்த இடங்களின் பட்டியலால் அது கிடைப்பதில்லை.

அந்த ஆய்வின் முதல் பாதியையும் நாங்கள் விடுவதில்லை. காத்திருப்பதே சுகம் என்றால் காத்திருக்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ளலாமே. பயணம் முடிவானதும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டுவோம். வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு வீடும் கூடிப் பேசும். பிள்ளைகள் வழியில் வரும் ஊர்ப் பெயர்களைப் படிப்பார்கள், அம்மா எங்கெங்கே நிற்கலாம் என்று பென்சிலால் வட்டம் போடுவார். பெரிய பயணம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். இடைப்பட்ட ஞாயிறுகளில் அரை நாள் போய்வருகிற இடங்களாகப் பார்த்துக்கொள்கிறோம். ஏரிக்கரை, நூலகம், தோழி வீட்டு மொட்டைமாடி எதுவானாலும் சரி. விடுமுறையின் தெம்பு சில வாரங்களில் கரைந்துவிடும். அதனால் சின்னச் சின்னதாக அடிக்கடி என்பது எங்களுக்கு ஒத்துவருகிறது.

கடைசி நாளை மட்டும் ரொம்பப் பார்த்து வைக்க வேண்டும். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 நொடியோடு மேலும் 30 நொடி, அந்த நேரத்தில் நீர் ஒரு டிகிரி மட்டும் வெதுவெதுப்பாக்கப்பட்டது. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தால் மொத்தமும் இதமாக ஞாபகம் இருக்கிறது. அதனால் கடைசி நாளில் அவசர ஷாப்பிங் கிடையாது, நள்ளிரவில் வந்து சேரும் வண்டி கிடையாது. காலை முழுக்க மெதுவாகச் சாப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பிடித்த இடத்துக்கு இன்னொரு தடவை போய்விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவோம்.

வந்த மறுநாளும் விடுப்புதான். அன்றைக்குத் துணி துவைப்போம், பொதுப் பையின் மீதியைப் பிரிப்போம். புகைப்படங்களை ஆளுக்குப் பத்து என்று பொறுக்கி எடுப்போம். நூற்றுக்கணக்கில் போனில் கிடப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொறுக்கியதை அச்சுப் போட்டு அம்மாவிடம் கொடுத்தால், பின்பக்கம் தேதியும் இடமும் அவரே எழுதிவிடுவார். அடுத்த முறை இடம் சொல்ல வேண்டியது தோழியின் சின்னப் பையன். கடல் என்கிறான். மணலில் அம்மாவுக்கு நடக்க வருமா, கரை வரைக்கும் பலகைப் பாதை போட்ட கடற்கரை எது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.